ஒரு சிறு பல்கலைக்கழகத்தின் ஓட்டக்களம்

பல்கலைக்கழகம் அறிவை வளர்க்கும் நிலையம். அங்கே ஆடுகளத்திற்கு என்ன வேலை என்று வினவுவோர் எந்நாட்டிலும் உளர். உடலை ஓம்பாத கல்வி குறையுடைய கல்வியே என்று அவர்க்கு விடையிறுப்போரும் உளர். இவ்வழக்கு நேற்று இன்று எழுந்ததன்று. ஆயினும் அமெரிக்க நாட்டில் அது வேறொரு வடிவம் கொண்டுள்ளது. அங்கே ஆடுகளம் வேண்டுமா வேண்டாவா என்பது வினா அன்று. அது எத்துணைப் பெரிதாக இருத்தல் வேண்டும், அதற்குரிய பொருளை யார் தருவது என்பனவே வினா.

அந்நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களில் விளையாட்டு ஒரு பெருந்தொழில் போல நடைபெற்று வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கில் ஒரே வேளையில் 1,00,000 பேருக்கு மேல் அமர்ந்து ஆட்டம் காணலாம். அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது, முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி, எதிர்ப்போரை மோதி விலக்கி முன்னேறும் ஆட்டமாகும். பெயரில் கால் இருப்பினும் ஆட்டத்தில் கைக்கும் தோளுக்குமே வேலை மிகுதி. அவ்வாட்டத்தின் நுழைவுச் சீட்டாலும், தொலைக்காட்சி நிலையங்கள் தரும் பொருளாலும், பழைய மாணவராகிய செல்வர் வழங்கும் கொடையாலும் பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை செழிக்கிறது.

சிறிய பல்கலைக்கழகங்களின் நிலை அவ்வாறன்று. மாநில அரசின் பொருளுதவியால் நடைபெறுவனவும், சில ஆயிரம் மாணவர்களே பயில்வனவும் ஆகிய பல்கலைக்கழகங்கள் அந்நாட்டில் பல உள்ளன. அவற்றின் ஆட்டத்தைக் காணத் திரளும் கூட்டம் சிறிது. தொலைக்காட்சியார் அவற்றை நாடி வருவதும் அரிது. எனினும் பெரியவற்றைப் போலவே தாமும் அணி திரட்டி, அரங்கு அமைத்து, பயிற்சியாளரை அமர்த்திப் பெயர் பெற வேண்டும் என்னும் வேட்கை அவற்றையும் விட்டபாடில்லை. அவ்வேட்கைக்கு வேண்டும் பொருளின் பெரும்பகுதி மாணவர் செலுத்தும் கட்டணத்திலிருந்தும், பல்கலைக்கழகத்தின் பொது நிதியிலிருந்துமே எடுக்கப்படுகிறது. ஆட்டத்தை ஒரு நாளும் காணாத மாணவனும், கடன் வாங்கிப் படிக்கும் மாணவியும் அக்கட்டணத்தைச் செலுத்தியே தீர வேண்டும்.

இவ்வேட்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2012ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு ஆட்டங்கள் காட்டும். ஜார்ஜியா மாநிலத்திலுள்ள சவானா மாநிலப் பல்கலைக்கழகம் 1890ஆம் ஆண்டில் கறுப்பின மக்களின் கல்விக்கென நிறுவப்பெற்றது. அதன் மாணவர் தொகை அன்று ஐயாயிரத்திற்கும் குறைவு. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கம் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவாக வகுத்துள்ளது. அவற்றுள் முதற்பிரிவு பெருஞ்செலவு செய்வோர்க்கு உரியது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் சவானா அம் முதற்பிரிவை நாடிச் சென்றது. சென்ற சில ஆண்டுகளிலேயே அதன் விளைவு தெரிந்தது. 2004–05ஆம் ஆண்டுப் பருவத்தில் அதன் கூடைப்பந்து அணி 28 ஆட்டங்கள் ஆடி, இருபத்தெட்டிலும் தோற்றது.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று அதன் கால்பந்து அணி ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு பொருதியது. ஆட்டம் முடிந்தபோது எதிர் அணி 84 புள்ளிகள் பெற்றிருந்தது. சவானா ஒன்றும் பெறவில்லை. ஒரு வாரம் சென்றபின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஆடிய ஆட்டம் 55–0 என்று நின்ற நிலையில், இடியும் மழையும் வந்து மூன்றாம் பகுதியிலேயே அதனை முடித்துவைத்தன. வானம் இரங்கிற்று என்றே பார்த்தோர் எண்ணியிருத்தல் கூடும்.

இவ்வாட்டங்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. பெரிய பல்கலைக்கழகம் தன் அரங்கிலே எளிதாக வெல்லத்தக்க ஓர் ஆட்டத்தை விரும்புகிறது. சிறியது பொருளை விரும்புகிறது. ஆதலின் பெரியது பணம் தந்து சிறியதை அழைக்கிறது. அவ்விரண்டு ஆட்டங்களுக்கும் சவானா பெறவிருந்த தொகை 8,60,000 டாலர். அப்பொருளைக் கொண்டே அதன் மற்ற அணிகள் உயிர் வாழ்ந்தன என்று கூறுவோர் உளர், அது பொய்யன்று. பெரிய அரங்கில் ஆடும் வாய்ப்பை அவ்வணியின் இளைஞர் சிலர் விரும்பியிருத்தலும் இயல்பே. ஆயினும் தோற்பதற்கென்றே மாணவரை நெடுந்தொலைவு அனுப்பி, அதற்குக் கூலி பெறுவது ஒரு கல்வி நிலையத்திற்கு அழகாகுமா? மோதி வீழ்த்தும் ஆட்டத்தில், வலிமை மிக்க அணியின்முன் வலிமை குன்றிய அணியை நிறுத்தினால் அடிபடுவது மாணவருடைய உடல். வரவு எழுதுவது அலுவலகத்தின் ஏடு. இதனைக் கல்வியின் ஒரு கூறு என்று கூறுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

அவ்வாறாயின் சிறிய பல்கலைக்கழகம் விளையாட்டையே கைவிட வேண்டுமோ? வேண்டா என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. சவானாவைப் போலவே கறுப்பின மக்களுக்கெனத் தோன்றிய மற்றொரு மாநிலப் பல்கலைக்கழகம், அதே தென்பகுதியில், அதனினும் கொடிய காலத்தில் செய்து காட்டியது ஒன்று உண்டு.

டென்னசி மாநிலத்தின் தலைநகரம் நாஷ்வில். அங்கே 1912ஆம் ஆண்டில், உழவும் தொழிலும் ஆசிரியப் பயிற்சியும் கற்பிக்கும் பள்ளி ஒன்று திறக்கப்பெற்றது. வெள்ளையர் பயிலும் நிலையங்களில் கறுப்பினத்தார்க்கு இடமில்லாத காலம் அது. அப்பள்ளி படிப்படியாக வளர்ந்து 1951இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1968இல் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. மாநில அரசு வெள்ளையர் நிலையங்களுக்கு அள்ளிக் கொடுத்தது; இதற்குக் கிள்ளிக் கொடுத்தது.

இப்பல்கலைக்கழகத்தில் பயின்று 1950இல் பட்டம் பெற்ற எட் டெம்பிள் என்னும் இளைஞர், மகளிர் ஓட்டப் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். பென்சில்வேனியா மாநிலத்தின் ஹாரிஸ்பர்க் நகரில் பிறந்தவர் அவர். ஊதியம் சிறிது. அவ்வூதியத்திற்குப் பயிற்சி தருவதோடு, பல்கலைக்கழக வளாகத்தின் அஞ்சல் நிலையத்தையும் அவரே நடத்த வேண்டியிருந்தது. கடிதங்களைப் பிரித்து வைத்த கையே பிற்பகலில் நேரங்காட்டும் கடிகாரத்தையும் ஏந்தியது. ஓடுவதற்கு இருந்த களமோ மண்தரை. செம்மையான ஓட்டக்களம் அவர் பெயராலேயே அங்கு அமைந்தது பல்லாண்டுகள் கழிந்த பின்னரே.

மகளிர் ஓட்டத்தை அவர் மேற்கொண்டது வியப்புக்குரியது. ஓட்டப்பந்தயம் பெண்மைக்குப் பொருந்தாது என்று அறிஞர் பலரும் அந்நாளில் கருதினர். 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓடியபோது சிலர் களைத்துப் போயினர் என்பதையே காரணமாக்கி, 1960 வரையில் அப்பந்தயத்தை ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கிவைத்திருந்தனர். வெள்ளையர் பயின்ற பெரிய பல்கலைக்கழகங்கள் மகளிர் ஓட்டத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதற்குமுன் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நிலையம் ஒன்றே இத்துறையில் சிறந்து விளங்கியது. 1948இல் உயரத் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்ற ஆலிஸ் கோச்மன் அங்குப் பயின்றவர். பெரியோர் புறக்கணித்த அத்துறையே எளியோர்க்கு வாயிலாயிற்று. கால்பந்துக்கு அரங்கு வேண்டும், கவசம் வேண்டும், பேரணி வேண்டும். ஓட்டத்திற்குச் சில இணைக் காலணிகளும், கைக்குக் கை மாற்றும் ஒரு கோலும், விடியற்காலையில் எழுந்து வரும் மனமும் போதும். தன் கையில் உள்ளதை அளந்தறிந்து அதற்கேற்ற ஆட்டத்தைத் தேர்ந்தமைதான் டென்னசியின் முதல் வெற்றி.

கோடை விடுமுறையில் தென்மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளி மாணவியரை டெம்பிள் வரவழைத்துப் பயிற்சி தந்தார். நாளொன்றுக்கு மூன்று முறை ஓட வேண்டும். முதல் முறை பொழுது புலருமுன்னரே தொடங்கும். அவர்களுள் தக்கோர் பின்னர் அப்பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தனர். கல்விக்கு ஆகும் செலவை ஈடுசெய்ய, வளாகத்திலேயே நாள்தோறும் ஏதேனும் ஒரு பணி செய்தனர். படிப்பு முதலாவது, ஓட்டம் இரண்டாவது என்பது டெம்பிள் வகுத்த முறை.

வெளியூர்ப் பந்தயங்களுக்குச் செல்லும்போது அவர்களை வண்டியில் ஏற்றி அவரே ஓட்டிச் செல்வார். வழியிலுள்ள உணவு விடுதிகள் கறுப்பினத்தாரை உள்ளே விடா. ஆதலின் உணவைக் கட்டி எடுத்துச் சென்று வண்டியிலேயே உண்பர். கழிவறைகளும் அவர்க்கு அடைக்கப்பட்டிருந்தமையின், காட்டோரத்தில் வண்டியை நிறுத்த வேண்டிய இழிவும் நேர்ந்தது. இவ்வாறு சென்ற அணி 1955இல் நாட்டின் மகளிர் சாம்பியன் பட்டத்தை வென்றது. மறு ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 4 × 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவிற்கு வெண்கலப் பதக்கம் பெற்றுத் தந்த நால்வரும் டெம்பிளிடம் பயின்றவரே. அவருள் மூத்தவர் மே ஃபேக்ஸ். மூன்று ஒலிம்பிக்குகளில் ஓடிய முதல் அமெரிக்க வீராங்கனை. இளையவர், பள்ளி மாணவியாகிய வில்மா ருடால்ஃப்.

வில்மாவின் வரலாறு பலரும் அறிந்ததே. டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் என்னும் ஊரை அடுத்து 1940இல் பிறந்தவர்; குடும்பத்தின் இருபத்திரண்டு மக்களுள் இருபதாமவர். இளமையிலேயே வாதநோய் கண்டு இடக்கால் வலுவிழந்தது. அவ்வூர் மருத்துவமனை கறுப்பினத்தார்க்குப் பயன்படாமையால், தாயார் அவரை நாஷ்வில் நகரத்து மெஹாரி மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார். வீட்டிலே உடன்பிறந்தார் முறைவைத்துக் காலைப் பிடித்துவிட்டனர். இரும்புத் தாங்கியை மாட்டி நடந்த அப்பெண் 1960இல் உரோமாபுரி ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அவ்வாறு ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. தொடர் ஓட்டத்தில் அவருடன் ஓடிய மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ் ஆகிய மூவரும் அப்பல்கலைக்கழகத்து மாணவியரே. கோல் மாறும்போது சிறு பிழை நேர்ந்து செர்மானிய வீராங்கனை முந்தினார். வில்மா விரைந்து அவரைக் கடந்தார். ஒரு பேரரசின் கொடியை ஏந்திச் சென்ற அணி முழுவதும், பெருஞ்செல்வம் படைத்த பல்கலைக்கழகம் எதனையும் சாராது, ஊதியம் போதாத ஓர் ஆசிரியர் மண்தரையிலே பயிற்றிய ஒரு சிறு நிலையத்தைச் சார்ந்திருந்தது.

வெற்றி பெற்று மீண்ட வில்மாவைக் கிளார்க்ஸ்வில் ஊரார் ஊர்வலமாக அழைத்துச் சென்று விருந்து அளிக்க விரும்பினர். அந்நாள் வழக்கப்படி வெள்ளையர் ஒரு புறமும் கறுப்பினத்தார் ஒரு புறமுமாக அதனை நடத்துவதாயின் தாம் வரப்போவதில்லை என்று வில்மா உறுதியாகக் கூறினார். 1960 அக்டோபர் 4ஆம் நாள், அவ்வூரின் வரலாற்றிலேயே முதன்முறையாக இரு நிறத்தாரும் ஒருங்கே கூடிய விழா நிகழ்ந்தது. அரங்கில் பெற்ற பதக்கங்களினும் இதனை உயர்வாக மதிப்போர் உளர். அவர் மதிப்பீடு மிகையன்று. 1963இல் அவர் ஆசிரியர் பட்டமும் பெற்றார்.

அவரைத் தொடர்ந்து வந்தோரும் குறைந்தவர் அல்லர். ஜார்ஜியா மாநிலத்து வயோமியா டயஸ் 1964இல் டோக்கியோவிலும் 1968இல் மெக்சிகோ நகரிலும் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளில் அப்பந்தயத்தை வென்றவர், ஆடவரிலும் மகளிரிலும், அதற்குமுன் எவருமிலர். ஈடித் மக்வயர் 200 மீட்டரிலும், மேடலின் மானிங் 800 மீட்டரிலும் வென்றனர். டெம்பிள் பயிற்றிய நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அவர் மாணவியர் 40 பேர் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டனர். அவர்கள் பெற்ற பதக்கங்கள் 23. அந்நாற்பதின்மரில் ஏறத்தாழ அனைவரும் பட்டம் பெற்று, ஆசிரியராகவும் பிற துறைகளில் பணிபுரிவோராகவும் வாழ்ந்தனர் என்பது அவ்வெண்களை விடப் பெரிது. மே ஃபேக்ஸ் சின்சினாட்டி நகரில் ஆசிரியப் பணி ஆற்றினார்.

அப்பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியும் பெயர் பெற்றதே. ஜான் மக்லெண்டன் என்பவர் பயிற்சியளித்த அவ்வணி, 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சிறு கல்லூரிகளின் தேசியப் போட்டியை வென்றது. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்திடமே கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் கற்றவர் மக்லெண்டன். ஆனால் நிறம் காரணமாக அங்கு அணியில் ஆட அவர்க்கு இடம் கொடுக்கப்படவில்லை.

இவ்வரலாற்றைக் கேட்போர் சிலர், வறுமையே வீரர்களை வளர்க்கும், வசதி கெடுக்கும் என்று முடிவு கட்டிவிடுவர். அது பெரும்பிழை. காட்டோரத்தில் வண்டியை நிறுத்தியமையால் அம்மகளிர் விரைந்து ஓடினர் அல்லர். நிறுத்த வேண்டியிருந்தும் ஓடினர். ஆடவர் அணிக்குக் கிடைத்த உதவித்தொகை அவர்களுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. நாட்டிற்குப் பதக்கம் பெற்றுத் தந்த பின்னரும் கிட்டவில்லை. டெம்பிள் அதனைப் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக, அளிக்கத் தவறிய அரசை எவரும் மன்னித்துவிடல் ஆகாது. டென்னசியிடம் போற்றத்தக்கது அதன் வறுமையன்று. அவ்வறுமையிலும் யாருக்காக ஆட்டம் என்பதை அது மறவாதிருந்தமையே. அங்கே மாணவி அணிக்காக வரவில்லை. அணி மாணவிக்காக இருந்தது. ஊர்ப் பள்ளியோடு படிப்பு முடிந்து, பிறர் வீட்டுச் சமையலறையில் வாழ்நாளைக் கழித்திருக்கக் கூடிய பெண்களுக்கு ஓட்டம் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது.

காலம் மாறியது. கல்வி நிலையங்களில் பெண்ணென்றும் ஆணென்றும் வேறுபாடு காட்டலாகாது என்னும் சட்டம் 1972இல் அமெரிக்காவில் நிறைவேறியது. அதன்பின் பெரிய பல்கலைக்கழகங்களும் மகளிர்க்கு உதவித்தொகை தந்து, ஓட்டம் வல்லாரைத் தத்தம் பக்கம் ஈர்த்தன. டெம்பிளின் கோடைப் பயிற்சிக்கு ஏங்கியிருந்த பெண்களுக்கு இப்போது பல வாயில்கள் திறந்தன. ஒலிம்பிக் அணி முழுவதையும் டென்னசியே அளித்த நாள் அதனோடு மறைந்தது. இதனை அப்பல்கலைக்கழகத்தின் வீழ்ச்சி என்று வருந்துவோர் உண்டு. வருந்துவதற்கு இதில் யாதுளது? மூடியிருந்த கதவுகள் திறப்பதற்கு ஒரு சிறு நிலையம் நாற்பதின்மரை ஓடவிட்டுக் காட்டியது. கதவு திறந்தபின் எல்லாரும் தன் முற்றத்திலேயே நிற்க வேண்டும் என்று அது எதிர்பார்த்தல் தகாது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்ற சாண்ட்ரா சீஸ்பரோ டெம்பிளின் மாணவியே. 1994இல் டெம்பிள் ஓய்வு பெற்றபின் அப்பயிற்சிப் பொறுப்பை அவரே ஏற்றார். டெம்பிள் 2016இல் காலமானார்.

சவானாவின் செய்தி எஞ்சி நிற்கிறது. முதற்பிரிவில் நிலைத்து நிற்பதற்குரிய பொருள் தன்னிடம் இல்லை என்பதை அப்பல்கலைக்கழகம் உணர்ந்து, இரண்டாம் பிரிவிற்கு மீள்வதென்று 2017இல் அறிவித்தது. பெருமை குன்றும் என்று அம்முடிவை எதிர்த்த பழைய மாணவரும் இருந்தனர். 2019இல் அது முதற்பிரிவை விட்டு நீங்கியது. அவ்வாண்டு அதன் கால்பந்து அணி, தன்னை ஒத்த கல்லூரிகளோடு ஆடி, தோற்ற ஆட்டங்களினும் மிகுதியான ஆட்டங்களில் வென்றது.